ஒரு உழவு மழை என்றால் எவ்வளவு மழை?

நெடுநாள் காய்ந்து கிடந்த ஊரில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், மழையை மட்டுமே நம்பிய மானாவாரி நிலம் வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் கேட்டுக்கொள்வது, "உங்க பக்கம் எத்தனை உழவு மழை?" என்பதுதான். அரை உழவு, ஒரு உழவு, இரண்டு உழவு என்று பதில் வரும். அதே காலையில் தொலைக்காட்சிச் செய்தி அதே மழையை இத்தனை சென்டிமீட்டர் என்று வாசித்துக்கொண்டிருக்கும். இரண்டுமே ஒரே மழையைப் பற்றிய செய்திகள்தாம் என்றாலும், வானத்திலிருந்து எவ்வளவு விழுந்தது என்பதைச் செய்தி சொல்கிறது. விழுந்ததில் மண் எவ்வளவு வாங்கிக்கொண்டது என்பதை விவசாயி சொல்கிறார். வறட்சியில் காத்திருந்து பெற்ற ஒரு மழையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம். விழுந்த மழைக்கும் தங்கிய மழைக்கும் இடையில்தான் வறட்சி முடிகிறதா, நீள்கிறதா என்பது முடிவாகிறது.

முதலில் மழைமானியின் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால், பெய்த நீர் எங்கும் ஓடாமலும் மண்ணுக்குள் இறங்காமலும் சமதரையில் அப்படியே நின்றால் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும் என்று பொருள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் அது சரியாக ஒரு லிட்டர். ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர் என்பதால், ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கருக்கு 4,047 லிட்டர் தண்ணீரைக் கொண்டுவருகிறது. 25 மில்லிமீட்டர், அதாவது செய்தியில் இரண்டரை சென்டிமீட்டர் என்று கேட்கும் ஒரு மழை, ஓர் ஏக்கரின் மேல் ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகமாகவே இறக்குகிறது. 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் கணக்கிட்டால் எட்டு லாரிக்கு மேல் வரும். குடங்களை வரிசையில் வைத்து லாரிக்காகக் காத்திருந்த ஒரு கோடைக்குப் பின், எட்டு லாரித் தண்ணீர் ஒவ்வோர் ஏக்கரின் மேலும் ஒரே மாலைப்பொழுதில் இறங்குகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், பெரியவர்களும் குழந்தைகளும் தெருவில் இறங்கி நின்று நனைவதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு, முந்தைய 24 மணி நேரத்தில் மானியில் சேர்ந்த நீரை அளக்கிறது. 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்திருந்தால்தான் அதை ஒரு மழை நாளாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஊர்களை ஒப்பிடவும், ஆண்டுகளை ஒப்பிடவும், மழை குறைந்ததா மிகுந்ததா என்று சொல்லவும் இந்த அளவு இல்லாமல் முடியாது. ஆனால் அந்த மானி ஒரு பாத்திரம். அதில் விழுந்த நீர் வெளியேற வழியில்லை. மண் அப்படிப்பட்ட பாத்திரம் அன்று.

காய்ந்த மண்ணை ஒரு கைப்பிடி எடுத்தால், அதில் ஏறக்குறைய பாதி இடம் மண்துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடம்தான். வறட்சியில் அந்த இடம் முழுவதும் காற்று நிறைந்திருக்கும். மழை விழும்போது மேலடுக்கு முதலில் நனைகிறது; அந்த அடுக்கு தன்னால் பிடித்துவைக்க முடிந்த அளவு நீரைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மிச்சம் அடுத்த அடுக்குக்கு இறங்குகிறது. எனவே ஈரம் மண் முழுவதும் சன்னமாகப் பரவுவதில்லை. ஒரு கோடு போலக் கீழ்நோக்கி நகர்கிறது. கோட்டுக்கு மேலே நல்ல ஈரமும், கோட்டுக்குக் கீழே முன்பிருந்த அதே புழுதியும் இருக்கும். எவ்வளவு நனைந்தது என்பதைவிட, அந்தக் கோடு எந்த ஆழத்தில் நின்றது என்பதே பயிருக்கு முக்கியம்.

அந்த ஆழம் மண்ணுக்கு மண் மாறும். அதே 25 மில்லிமீட்டர் மழை முழுவதும் உள்ளே இறங்குவதாக வைத்துக்கொண்டால், மணற்பாங்கான நிலத்தில் ஓர் அடி ஆழம் வரை நனைக்கும். மணலும் களியும் கலந்த இருமண்பாட்டு நிலத்தில் அரையடி. களி மிகுந்த கரிசலில் 10 முதல் 12 சென்டிமீட்டர் வரைதான் நனைக்கும். கரிசல் குறைவாக நனைகிறதே என்று அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அது தன் ஒவ்வோர் அங்குலத்திலும் அதிக நீரைப் பிடித்துவைப்பதால்தான் ஈரம் கீழே போக நேரமாகிறது. மணல் வாங்கியதைச் சீக்கிரம் இழந்துவிடும். கரிசல் வாங்கியதை மாதக்கணக்கில் வைத்திருந்து பயிருக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கும். கார்த்திகையோடு மழை நின்றுவிட்ட ஆண்டில்கூட, தை பிறக்கும் வரை பருத்திச் செடியைக் கரிசல் பச்சையாகத் தாங்கி நிற்பது இந்தக் குணத்தால்தான்.

இப்போது உழவுக்கு வருவோம். மாடு பூட்டிய நாட்டுக் கலப்பையின் கொழு ஏறக்குறைய 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண்ணைக் கீறும். அந்த ஆழம் வரை ஈரம் இறங்கியிருந்தால் கலப்பை தடங்கலின்றிப் போகும். மண் கட்டி கட்டியாகப் பெயராமல் பொலபொலவென்று உதிரும். அப்படி ஒரு முறை உழுவதற்குப் போதிய ஈரத்தைக் கொடுத்த மழைதான் ஒரு உழவு மழை. முன்னர் சொன்ன கணக்கோடு ஒப்பிட்டால், கரிசலில் அது ஏறக்குறைய 25 மில்லிமீட்டருக்கு நெருங்கி வருவதைக் காணலாம். செம்மண்ணான செவல் நிலத்தில் அதைவிடக் குறைந்த மழையிலேயே அந்த ஆழம் நனைந்துவிடும். ஆனால் அந்த ஈரம் அத்தனை நாள் நிற்காது. ஆகவே ஒரு உழவு மழையை இத்தனை மில்லிமீட்டர் என்று அட்டவணை போட்டு எழுதிவிட முடியாது. அதைக் குறையாகக் கருதுகிறவர்கள் உண்டு. எனக்கோ அதுவே அந்த அளவின் பலமாகத் தெரிகிறது. ஒரே மழை அடுத்தடுத்த இரண்டு நிலங்களில் இரண்டு விதமாக வேலை செய்யும்போது, அந்த வேறுபாட்டைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிற அளவு அது.

எங்கள் ஊர் கோவில்பட்டி வட்டாரத்தில், கரிசலும் செவலும் அடுத்தடுத்துக் கிடக்கும் பகுதியில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்துபோனது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தரும் பருவம் அது என்பதால், அப்போதிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு 2017 ஜனவரி 10 அன்று அறிவித்தது. அதன் பிறகு வந்த கோடையில் எங்கள் பக்கம் ஆடுமாடுகளை வந்த விலைக்கு விற்றவர்கள் பலர். மழை வேண்டி ஊர்களில் மழைக்கஞ்சி எடுத்தார்கள்; வீடு வீடாகக் கூழும் கஞ்சியும் வாங்கி ஒன்றாகக் கலந்து, ஊர்ப் பொதுவில் வைத்து எல்லோரும் குடிப்பது அந்தச் சடங்கு. விராட பர்வம் படிப்பதும், கொடும்பாவி கட்டி இழுத்துப் பெண்கள் ஒப்பாரி வைப்பதும் அதே வேண்டுதலின் வேறு வடிவங்கள்.

அந்த ஆண்டு ஆவணியில் ஒரு மாலை மழை பெய்தது. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் அடித்துப் பெய்தது. மறுநாள் விடிந்ததும் என் பெரியப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரிசல் காட்டுக்குப் போனார்; நானும் உடன் போனேன். வரப்போரத்தில் வெட்டாமல், நிலத்தின் நடுவில் மேடும் பள்ளமும் இல்லாத ஓர் இடமாகப் பார்த்து வெட்டினார். மேல்மண் கருகருவென்று பிசுபிசுத்தது. இரண்டாவது வெட்டில் மண்ணின் நிறம் வெளிறியது. குழிக்குள் கையை விட்டு, பெருவிரலைத் தரைமட்டத்தில் வைத்து, மற்ற விரல்களைக் குழியின் சுவரில் இறக்கிப் பார்த்தார். ஈரம் நான்கு விரற்கடைக்குக் கீழே போகவில்லை. அதற்கும் கீழிருந்து கிள்ளி எடுத்த மண் விரலிடுக்கில் மாவாக உதிர்ந்தது. ஊரே நல்ல மழை என்று பேசிக்கொண்டிருந்த காலையில், "அரை உழவுதான். இன்னும் ஒண்ணு வேணும்" என்று சொல்லிவிட்டுக் குழியை மூடினார்.

முக்கால் மணி நேரம் அடித்துப் பெய்த மழை ஏன் நான்கு விரற்கடையோடு நின்றது? மழையின் அளவைப் போலவே மழையின் வேகமும் முக்கியம் என்பதே அதற்கு விடை. கரிசல் மண்ணில் உள்ள களித்துகள்கள் நீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கரிசல் காட்டில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்புகள் விடுவது இந்தச் சுருக்கத்தால்தான். மழை தொடங்கியதும் அந்த வெடிப்புகளின் வழியாக நீர் மளமளவென்று ஆழத்துக்குப் போகிறது. வறட்சியால் விளைந்த வெடிப்பே வறட்சியைத் தணிக்கும் வாசலாகவும் இருக்கிறது. ஆனால் மண் உப்பத் தொடங்கியதும் வெடிப்புகள் அடைபடுகின்றன. நன்றாக நனைந்துவிட்ட களிமண் அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர் வரைதான் நீரை உள்ளே விடும். மணலில் இது 30 மில்லிமீட்டருக்கும் மேல். ஆகவே கரிசலில் அரை மணியில் கொட்டித் தீர்க்கும் மழையில் பெரும்பங்கு மேலோடு ஓடிவிடுகிறது. அதே அளவு மழை இரவெல்லாம் நசநசவென்று பெய்தால் ஏறக்குறைய முழுவதும் உள்ளே போகிறது. செவலின் சிக்கல் வேறு. மழைத்துளிகள் மோதி அடிப்பதில் அதன் மேற்பரப்பு இறுகிப் பொருக்குத் தட்டிவிடுவதால், உள்ளே இடம் இருந்தும் நீர் நுழைய வழியில்லாமல் போகிறது. கோடை உழவு செய்து மண்ணைப் புரட்டிப் போட்டவர் நிலத்தில் ஈரம் இறங்கியிருக்க, உழாமல் விட்ட பக்கத்து நிலத்தில் இறங்காமல் இருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்ற பழமொழி இதைத்தான் சொல்கிறது.

சிறு தூறல்களின் கணக்கு இன்னும் கடுமையானது. கோடையில் தென்மாவட்டங்களில் வெயிலும் காற்றும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 6, 7 மில்லிமீட்டர் நீரை ஆவியாக்கிவிடக் கூடும். அப்படிப்பட்ட நாட்களில் பெய்யும் ஐந்து மில்லிமீட்டர் தூறல், வானிலைக் கணக்கில் ஒரு மழை நாளாகப் பதிவாகும்; ஆனால் மறுநாள் பொழுது சாய்வதற்குள் அதன் பெரும்பகுதி ஆவியாகி, மண்ணில் சொல்லும்படி எதுவும் மிஞ்சாது. புழுதி அடங்கப் பெய்தது என்று ஊரில் சொல்வது இதைத்தான். அப்படிப் பத்து முறை பெய்து 50 மில்லிமீட்டர் சேர்ந்தாலும், ஒரே இரவில் நிதானமாகப் பெய்த 50 மில்லிமீட்டருக்கு அது ஈடாகாது.

மண் வாசனையைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும், வறண்ட காலத்தில் செடிகளிலிருந்து கசிந்து மண்ணிலும் கல்லிலும் படிந்த எண்ணெய்ப் பொருள்களும் மழைத்துளி பட்டதும் காற்றில் கலப்பதால் அது எழுகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜாய் பியர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964-இல் இதற்கு பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். காய்ந்த காலம் நீள நீள அந்தப் பொருள்கள் மேலும் மேலும் படிவதால், நெடுநாள் கழித்து வரும் மழைக்கு வாசனை அதிகம். மழை மேகத்திலிருந்து இறங்கி முன்னால் ஓடிவரும் குளிர்காற்று அதைச் சுமந்துகொண்டு வருவதால், மழை நம் ஊரை எட்டுவதற்கு முன்பே, எங்கோ பக்கத்தில் பெய்கிறது என்று மூக்கு சொல்லிவிடுகிறது.

வாசனையைவிட அதிகம் கவனிக்கப்பட வேண்டியது மழைக்குப் பின் வரும் பச்சை. கிணற்று நீர் பாய்ச்சிய பயிரைவிட மழைநீர் பட்ட பயிர் கருகருவென்று எழுகிறது என்று விவசாயிகள் சொல்வதில் முழு உண்மை இருக்கிறது. கிணற்று நீரில் உள்ள உப்பு மழைநீரில் இல்லை என்பது ஒரு காரணம். மற்றொன்றைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த பிர்ச் என்பவர் 1958-இல் விளக்கினார். மண் நன்றாகக் காயும்போது அதிலுள்ள நுண்ணுயிர்களில் கணிசமான பகுதி மடிந்துவிடுகிறது. மக்குப்பொருள்களின் கட்டும் தளர்கிறது. மீண்டும் நனைந்ததும், தப்பிப் பிழைத்த நுண்ணுயிர்கள் அவற்றை உணவாக்கிக்கொண்டு சில நாட்களுக்கு வெகு வேகமாகப் பெருகுகின்றன. அப்போது தழைச்சத்து (நைட்ரஜன்) பயிர் எடுத்துக்கொள்ளும் வடிவில் மண்ணில் திடீரென்று மிகுதியாகிறது. காய்ந்த காலம் எவ்வளவு நீண்டதோ, அந்தப் பெருக்கும் அவ்வளவு பெரியது. வேர் விட்ட பயிர் அப்போது நிலத்தில் இருந்தால் அந்தச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். வெறும் நிலமாக இருந்தால் அடுத்தடுத்த மழையில் அதில் ஒரு பகுதி கரைந்து வேர் எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். முதல் மழையிலேயே விதைத்துவிட வேண்டும் என்ற பதைப்புக்கு இப்படி ஒரு நியாயமும் இருக்கிறது.

ஆனால் அந்தப் பதைப்பில்தான் ஆபத்தும் இருக்கிறது. அரை உழவு மழையை நம்பி விதைத்தால், மேலே இருக்கும் விதை அந்த ஈரத்தில் முளைத்துவிடும். முளைத்த வேர் கீழ்நோக்கிப் போகும். நான்கு விரற்கடைக்குக் கீழே ஈரம் இல்லாததால் காய்ந்த மண்ணில் முட்டி நிற்கும். பத்து நாள் மழை பெய்யாவிட்டால் பயிர் கருகிவிடும். விதைக்காமல் காத்திருந்தவருக்கு நாட்கள்தான் நட்டம். விதைத்து இழந்தவர் விதைக்கும் உழவுக்கும் இரண்டாவது முறை கடன் வாங்க வேண்டும். வறட்சி ஆண்டுகளில் மானாவாரிக் குடும்பங்களை முறிப்பது மழையின்மையைப் போலவே இந்த அரைகுறை மழையும்தான் என்பதை, அதன் நடுவில் வளர்ந்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்.

இதற்குக் கரிசல் காட்டு விவசாயிகளும், நூற்றாண்டைக் கடந்த கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் கண்ட வழி மானாவாரி முன்பருவ விதைப்பு. அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்க வேண்டிய வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, புரட்டாசியின் காய்ந்த புழுதியில், விதையை ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு மூடிவிடுகிறார்கள். சிறு தூறலின் ஈரம் அந்த ஆழத்தை எட்டாது. எனவே விதையும் ஏமாறாது. நல்ல மழை பெய்து ஈரம் அதுவரை இறங்கினால்தான் அது கண் விழிக்கும். இந்த மழையை நம்பலாமா என்று மனிதர் எடுக்க வேண்டிய முடிவை ஆழமே எடுத்துவிடுகிறது. விதையை முன்கூட்டியே உரிய கரைசலில் ஊறவைத்து நிழலில் பழையபடி உலர்த்திக் கடினப்படுத்தி விதைத்தால், முளைத்த பயிர் இடையில் வரும் வறட்சியைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும்.

ஆடுமாடு வைத்திருப்பவர்களும் முதல் மழையை எச்சரிக்கையோடுதான் வரவேற்க வேண்டும். மழைக்குப் பின் ஒரு வாரத்தில் தலைகாட்டும் இளம்புல்லைப் பசியோடு இருந்த ஆடுகள் வயிறு முட்ட மேய்ந்தால், துள்ளுமாரி என்ற நோய் கண்டு, முந்தின மாலை வரை நன்றாக இருந்த ஆடு காலையில் செத்துக் கிடக்கும். குடலில் ஏற்கெனவே இருக்கும் ஒரு நுண்ணுயிரி திடீர்த் தீவன மாற்றத்தில் பெருகி நஞ்சு கக்குவதே காரணம். மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போடுவதும், முதல் சில நாட்கள் காய்ந்த தீவனம் கொடுத்த பிறகே மேய்ச்சலுக்கு விடுவதும் ஆட்டைக் காப்பாற்றும். வறட்சியில் வாடி நின்ற இளஞ்சோளமும், மழைக்குப் பின் அறுத்த தாளிலிருந்து புதிதாகத் துளிர்க்கும் மறுதாம்புச் சோளமும் மாட்டின் வயிற்றில் சயனைடு நஞ்சை வெளியிடக்கூடியவை. பூக்கும் பருவம் வரை அவற்றில் மாட்டை வாய் வைக்க விடக் கூடாது.

நிலத்திலிருந்து கண்மாய்க்கு வந்தால், மழையின் கணக்கே தலைகீழாகிவிடுகிறது. நிலத்துக்கு நல்ல மழை என்பது ஓடாமல் உள்ளே இறங்குகிற மழை. கண்மாய்க்கு நல்ல மழை என்பது உள்ளே இறங்காமல் ஓடி வருகிற மழை. இரவெல்லாம் நிதானமாகப் பெய்த மழையில் மானாவாரிக்காரர் மனம் நிறைந்திருக்கும்போது, கண்மாயை நம்பி நஞ்சை நிலம் வைத்திருப்பவர், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் ஒரு சொட்டும் வரவில்லை என்று வருந்துவார். அடித்துக் கொட்டிய மழையில் வரத்துக்கால் செந்நிறமாகப் பொங்கி ஓடும்போது நிலைமை மாறிவிடும். வறட்சிக்குப் பின் இந்த முரண் இன்னும் கூர்மையாகிறது. நீர் வரும் பரப்பு முழுவதும் காய்ந்து கிடப்பதால், முதல் ஒன்றிரண்டு மழையை அந்த மண்ணே குடித்துத் தீர்க்கிறது. அதன் தாகம் அடங்கிய பிறகு பெய்வதுதான் கண்மாய்க்கு ஓடி வரும். இத்தனை மழை பெய்தும் கண்மாயில் தண்ணீர் இல்லையே என்ற கேள்விக்கு, வரத்துக்கால் தூர்ந்துபோனதும், அதில் சீமைக் கருவேலம் மண்டியதும், இடையில் யாரோ மறித்துக்கொண்டதும் காரணமாக இருக்கலாம். ஆனால் முதல் மழையைப் பொறுத்தவரை மண்ணின் தாகமும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. அவற்றுள் பல சங்கிலித் தொடராக இணைந்தவை: மேலே உள்ள ஊரின் கண்மாய் நிரம்பி, மிகுந்த நீர் வழியும் கலிங்கு வழியாக மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு நீர் வரும். எனவே தொடரின் கடைசியில் இருக்கும் ஊர், தன் தலைக்கு மேல் பெய்யும் மழையோடு மேலே உள்ள ஊர்கள் எல்லாவற்றின் மழைக்காகவும் சேர்த்துக் காத்திருக்கிறது. மறுகால் பாய்கிறது என்ற செய்தி வந்ததும் அந்த ஊர்க்காரர்கள் இரவென்றும் பாராமல் கைவிளக்கோடு கலிங்குக்கு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு, மழைக்கும் தண்ணீருக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பது விளங்கும். ஊரார் ஒன்றுகூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து என்ற பழைய ஏற்பாட்டை, வறட்சி ஆண்டான 2017-இல் அரசு அதே பெயரில் மீண்டும் தொடங்கியது. மழைக்கு முன் செய்ய வேண்டிய பணி அது; மழை வந்த பிறகு வரத்துக்காலில் இறங்கி வேலை செய்ய முடியாது.

எல்லாவற்றுக்கும் கடைசியில் நிற்பது நிலத்தடி நீர். தமிழ்நாட்டின் பரப்பில் நான்கில் ஏறக்குறைய மூன்று பங்கு கடினப் பாறைப் பகுதி. அங்கே நீர் தங்குவது பாறையின் விரிசல்களிலும் அதன் மேலே சிதைந்த அடுக்கிலும் மட்டுமே. பெய்யும் மழையில் பத்தில் ஒரு பங்கு, பல இடங்களில் அதற்கும் குறைவுதான், அதுவரை போய்ச் சேருகிறது. மேல்மண் நிறைய வேண்டும், அதற்குக் கீழுள்ள அடுக்கு நிறைய வேண்டும், கண்மாயில் நீர் நாட்கணக்கில் நின்று கசிய வேண்டும். அதன் பிறகே கிணற்றில் மட்டம் ஏறும். ஒரு மழையில் கிணறு நிறைந்தது என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் மேலிருந்து வழிந்து விழுந்த நீரைத்தான் சொல்கிறார்கள்.

நகரத்தில் இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்குச் சென்னையின் 2019-ஆம் ஆண்டைப் பார்க்கலாம். செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் ஆகிய நான்கு ஏரிகளும் வற்றிவிட்ட நிலையில், ஆறு மாதத்துக்கும் மேலாகச் சொல்லும்படியான மழை இல்லாதிருந்த நகரத்தில் ஜூன் 20 அன்று மழை பெய்தது. மக்கள் மொட்டை மாடிகளிலும் தெருக்களிலும் நின்று நனைந்தார்கள். வாளியும் குடமும் வைத்துப் பிடித்தார்கள். அது முழு நியாயமான மகிழ்ச்சி. ஆனால் அதற்கு மூன்று வாரம் கழித்து, ஜூலை 12 அன்று, ஜோலார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. மழையும் பெய்தது, தண்ணீர் ரயிலும் ஓடியது. இரண்டுக்கும் முரண் இல்லை. வெப்பத்தைத் தணிக்கவும் மேல்மண்ணை நனைக்கவும் போதுமான மழை, ஏரிகளை நிறைக்கப் போதுமானதாக இல்லை. அங்கே குடும்பங்களுக்கு உடனே உதவியது மாடியில் விழுந்த நீர்தான்; 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பு, வறட்சி நாட்களில் தூசி பிடித்த மாடியின் முதல் நீரை வெளியே விட்டுவிட்டு அடுத்து வருவதைப் பிடித்தால் நன்றாகவே வேலை செய்கிறது.

இந்தப் படிகளுக்கு வானிலை நூல்கள் தனித்தனிப் பெயர் வைத்திருக்கின்றன. வழக்கமான மழை குறைந்தால் அது வானிலை வறட்சி. மண்ணில் ஈரம் குறைந்து பயிர் வாடினால் வேளாண் வறட்சி. ஏரியும் ஆறும் கிணறும் வற்றினால் நீரியல் வறட்சி. வறட்சி இந்த வரிசையில் வருகிறது. விலகும்போதும் அதே வரிசையில்தான் விலகுகிறது. ஒரு மழை முதல் வறட்சியின் கணக்கைக் குறைக்கத் தொடங்கும். இரண்டு மூன்று உழவு மழை இரண்டாவதைத் தீர்க்கும். மூன்றாவது தீர ஒரு முழுப் பருவமும், சில இடங்களில் அடுத்தடுத்த இரண்டு நல்ல பருவங்களும் வேண்டும். ஆகவே மழை வந்த அன்று வறட்சி முடிந்ததா என்று கேட்டால், எந்த வறட்சி என்று திருப்பிக் கேட்பதே சரியான பதில்.

அந்த ஆவணி மழைக்குப் பின் பதினோரு நாட்கள் வெயில் அடித்தது. பன்னிரண்டாம் நாள் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி விடியும் வரை சீராகப் பெய்தது. அதற்கு மறுநாள், நிலத்தில் கால் வைக்க முடிந்ததும், பெரியப்பா பழைய குழிக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு குழி வெட்டினார். முதல் வெட்டும் கருப்பு, இரண்டாவதும் கருப்பு, மூன்றாவதும் கருப்பு. முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவி, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிசைந்தார். உருண்டை உடையாமல் நின்றது. உள்ளங்கையில் நீர் கசியவில்லை. மேல் ஈரமும் அடி ஈரமும் சேர்ந்துவிட்டன. கையைத் துடைக்காமலேயே நிமிர்ந்து, கரிசல் காலில் ஒட்டாமல் இருக்க இன்னும் இரண்டு நாள் காய வேண்டும் என்று கணக்குப் போட்டு, "சனிக்கிழமைக்கு டிராக்டர் சொல்லிடு" என்றார்.